திராட்சை இலைச் சுருளும் நிரப்பிய காய்களும்: குறையைக் கண்டு காரணத்தைத் தேடும் வழி

அரிசியோ இறைச்சியோ கலந்த பூரணத்தை இலையில் சுருட்டியோ குடைந்த காயில் நிரப்பியோ வேகவைக்கும் டோல்மாவைச் செய்து பார்த்து மனம் சோர்ந்தவர்கள் பெரும்பாலும் பூரணத்தின் மீதே பழி போடுகிறார்கள். மசாலா போதவில்லை என்றோ, அரிசி வாய்க்கவில்லை என்றோ, இறைச்சி முற்றல் என்றோ சொல்லிவிட்டு அடுத்த முறை பூரணத்தை மட்டும் மாற்றுகிறார்கள். அதே குறை மீண்டும் வருகிறது. பானைக்குள் நடப்பது வேறு. டோல்மா கொதிக்கவைத்துச் செய்யும் உணவன்று. நெருக்கமாக அடுக்கி, மேலே பாரம் வைத்து, அளந்த நீரில், சிறு தணலில், பாதி ஆவியிலும் பாதி தன் சாற்றிலும் வேகவிடும் உணவு. சாதம் வடிப்பதைப் போலவோ குழம்பு கொதிக்கவிடுவதைப் போலவோ இதை நடத்தும்போதுதான் கீழே சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு சொல். துருக்கி மொழியில் 'டோல்மா' என்பது நிரம்புதல் என்னும் வினையிலிருந்தும், 'சர்மா' என்பது சுற்றுதல் என்னும் வினையிலிருந்தும் வந்தவை. குடைந்த காயில் நிரப்பியதை டோல்மா என்றும், இலையில் சுருட்டியதைச் சர்மா என்றும் அங்கே பிரித்துச் சொல்வதுண்டு. இராக்கிலும் அஸர்பைஜானிலும் இரண்டுக்கும் டோல்மா என்ற ஒரே பெயர். எகிப்தில் நிரப்பிய எதுவும் 'மஹ்ஷி'. டோல்மா செய்து பகிரும் மரபை 2017இல் அஸர்பைஜானின் பெயரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. துருக்கியரின் அந்தப் பிரிப்பு நமக்கு இங்கே உதவுகிறது. ஏனெனில் சுருளுக்கு வரும் குறைகள் வேறு, குடைந்த காய்க்கு வரும் குறைகள் வேறு.

சுருள்கள் பானைக்குள் பிரிந்து, அரிசி நீரில் மிதக்கிறது

மூடியைத் திறந்ததும் இலைகள் தனியாகவும் அரிசி தனியாகவும் கிடந்தால், சுருட்டிய விதத்தை ஐயப்படுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். மேலே தட்டு கவிழ்த்தீர்களா? பானை இடைவெளியின்றி நிரம்பியிருந்ததா? நீர் தளதளவெனக் கொதித்ததா? சுருளைக் கட்டுவதற்கு நூல் இல்லை. பக்கத்துச் சுருளின் நெருக்கமும் மேலிருக்கும் தட்டின் பாரமுமே அதன் கட்டு. ஆகவே, இருக்கும் சுருள்களின் எண்ணிக்கைக்கேற்ற அளவில் பானையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பானை பெரிதாக அமைந்துவிட்டால், மீதமுள்ள இடத்தை உருளைக்கிழங்குத் துண்டுகளாலோ இலைக் காம்புகளாலோ அடைத்துவிடலாம். பானையின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய பீங்கான் தட்டைச் சுருள்களின் மேல் கவிழ்த்து வைப்பதே துருக்கியிலும் லெபனானிலும் கிரேக்கத்திலும் வழக்கம்.

மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால், பிறகு சுருட்டிய விதத்தைப் பார்க்கலாம். இலையின் பளபளப்பான பக்கம் கீழேயும், நரம்பு புடைத்த சொரசொரப்பான பக்கம் மேலேயும் இருக்க வேண்டும். பூரணம் நரம்புப் பக்கத்தில்தான் அமரும். காம்பைக் கிள்ளிவிட்டு, காம்பிருந்த இடத்திற்கு அருகில் பூரணத்தை விரல் போல நீட்டி வைத்து, அடிப்பகுதியை முதலில் மடித்து, இரு பக்கங்களையும் உள்ளே தள்ளி, பிறகு நுனியை நோக்கி உருட்ட வேண்டும். அடுக்கும்போது நுனி முடியும் பக்கம் கீழே இருக்கட்டும். பக்கங்களை மடிக்காமல் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டினால், இரு முனைகளிலும் அரிசி வழியும்.

இலை வெடித்து, வயிறு பிளந்திருக்கிறது

பச்சை அரிசி வெந்ததும் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். உள்ளங்கை அகல இலைக்கு ஒரு தேக்கரண்டிப் பூரணம் போதும். இரண்டு வைத்தால் அது வெடிக்கும். இறுக்கிச் சுருட்டுவதே திறமை என்று நினைப்பவர்களின் சுருள்களே அதிகமாகப் பிளக்கின்றன. உருட்டிய சுருளை இரு விரல்களால் மெல்ல அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். அமுங்காமல் கட்டையாக நின்றால் பிரித்து மறுபடியும் சுருட்டுங்கள். பச்சை அரிசியோடு கொத்துக்கறி சேர்ந்த பூரணத்தில் இறைச்சி சுருங்குவதால் ஓரளவு இடம் கிடைக்கிறது. அரிசி மட்டுமே உள்ள பூரணத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இலை மெல்ல முடியாமல் நாராக இழுக்கிறது

பலரும் தடுமாறும் இடம் இதுதான்; எனவே இதில் சற்று நின்று பேச வேண்டும்.

முதற்காரணம் இலையின் வயது. திராட்சைக் கொடியின் இலைகளை இளவேனிலில் பறிப்பதே வழக்கம். கொடி நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள் அகலமும் இளமையும் சேர்ந்து பொருந்தியவை. கோடையின் நடுவில் பறித்த இலையில் நரம்புகள் தடித்திருக்கும். அதை எவ்வளவு வேகவைத்தாலும் நார் நாராகவே இருக்கும். ஒரு சோதனை உண்டு. கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுத்த இலையை நடு நரம்பிற்குக் குறுக்கே கிழித்துப் பாருங்கள். துணி கிழிவது போலக் கிழிந்தால் நல்லது. நரம்பு நூலாக இழுபட்டு நின்றால், அந்த இலையைப் பானையின் அடியில் விரிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, கொடியின் வகை. சில வகைகளின் இலையில் அடிப்புறம் பஞ்சு போன்ற மயிர் அடர்ந்திருக்கும். அது வாயில் உறுத்தும். துருக்கியின் மனிசாப் பகுதியில் சுல்தானா வகையின் இலையும், தோகாட் பகுதியில் நரிஞ்ஜே வகையின் இலையும் விரும்பப்படுவதற்கு அவை மெல்லியவை, நரம்பு தடிக்காதவை என்பதே காரணம். சுல்தானா வேறெதுவும் அன்று. நம் சந்தையில் தாம்ப்சன் சீட்லெஸ் என்று விற்கும் விதையில்லாத் திராட்சைதான். இதைப் படித்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் இலை பறிக்கப் புறப்பட வேண்டாம்: பழத்திற்காக வளர்க்கும் கொடிகளில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வழக்கம், அந்த மருந்து முதலில் படிவது இலையில். உண்பதற்கென்று மருந்தின்றி வளர்த்த கொடி, அல்லது புட்டியில் உப்புநீரில் வரும் இலை, இவ்விரண்டே தக்கவை.

மூன்றாவதுதான் பலரும் அறியாதது: புளிப்பு. தாவரத்தின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைவதால்தான் இலையும் காயும் மென்மையாகின்றன. புளிப்பான நீரில் அந்தக் கரைதல் மிகவும் மந்தமாகிவிடும். எலுமிச்சைச் சாறு, தக்காளி விழுது, மாதுளைப் பாகு, சுமாக் என்னும் புளிப்புச் சிறுகனிப் பொடி ஊறிய நீர் ஆகிய அனைத்தும் டோல்மாவுக்கு உயிரானவை. ஆனால் அவற்றை முதலிலேயே ஊற்றிவிட்டால் இலை விறைப்பாகவே நிற்கும். புளி ஊற்றிய குழம்பில் வேகாத காய் அதன்பின் வேக மறுப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. முதல் 40 நிமிடங்கள் உப்பும் எண்ணெயும் கலந்த வெந்நீரில் மட்டும் வேகவிட்டு, ஓர் இலையை எடுத்துக் கடித்துப் பார்த்து, பல்லுக்கு இணங்கிய பிறகே புளிப்பைச் சேர்க்க வேண்டும். எலுமிச்சை வட்டங்களைச் சுருள்களுக்கிடையே அடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இளந்தளிர் இலைக்கு அது ஒத்துவரும், முற்றிய இலைக்கு ஒத்துவராது.

ஏற்கெனவே புளிப்பைச் சேர்த்துவிட்டீர்கள், இலையும் விறைப்பாக நிற்கிறது என்றால், பானையைச் சாய்த்து அந்த நீரில் பெரும்பகுதியை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். புளிப்பில்லாத வெந்நீரைப் பழைய அளவுக்கு ஊற்றி, மிகச் சிறு தணலில் மேலும் 25 முதல் 30 நிமிடம் விடுங்கள். வடித்து வைத்ததை இறக்குவதற்குச் சற்று முன் திருப்பி ஊற்றலாம். அரிசி கொஞ்சம் குழையும்; ஆனாலும் மெல்ல முடியாத இலையைவிட அது மேல்.

உப்புக் கரிக்கிறது

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழர்கள் கடைகளில் காணும் புட்டி இலைகள் உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறியவை. குழாய் நீரில் ஒருமுறை அலசினால் மேலுள்ள உப்பு மட்டுமே போகும். இலைகளைப் பிரித்து வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வடித்து, மீண்டும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஓர் இலையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை பூரணத்தில் உப்புப் போடாதீர்கள். வெந்த பிறகு கரித்தால் சுருளுக்குள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உப்பிடாத தயிரை அருகில் வைத்துப் பரிமாறுவதே தப்பும் வழி.

அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கிறது, அல்லது எல்லாம் கூழாகிவிட்டது

இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், ஒரே பானையில் இரண்டும் சேர்ந்தே வருவதுதான். அடி வரிசை கூழாகவும் மேல் வரிசை அரைவேக்காடாகவும் இருந்தால் குறை அரிசியில் இல்லை. தணல் அதிகம், மூடி பொருந்தவில்லை, ஆவி மேலே தங்காமல் வெளியேறிவிட்டது. மூடியைத் துணியால் சுற்றி மூடுங்கள், அடுப்பைச் சிம்மில் வையுங்கள். ஊற்றும் நீர் கவிழ்த்த தட்டின் விளிம்பை எட்டினால் போதும். தட்டை மூழ்கடிக்க வேண்டியதில்லை.

எல்லா வரிசையிலும் ஒரே சீராக நடு அரிசி வேகவில்லை என்றால் அப்போது பூரணத்தைப் பார்க்கலாம். இறைச்சியில்லாப் பூரணத்தைத் துருக்கியில் 'யலஞ்சி', அதாவது பொய்யானது என்கிறார்கள். கிரேக்கரும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அதில் நறுக்கிய வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கி, கழுவிய அரிசியைப் போட்டுப் புரட்டி, பைன் கொட்டை, உலர்ந்த கருந்திராட்சை, பட்டைத்தூள், புதினா சேர்த்து, சிறிது நீர் ஊற்றி அது சுண்டும் வரை வைத்து இறக்குவார்கள். அரிசி அங்கேயே பாதி வெந்துவிடும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பச்சை அரிசியைச் சுருட்டினால், இலை வெந்து முடியும் நேரத்தில் அரிசி வெந்திருக்காது. மாறாக, அரிசியை முழுதாக வேகவைத்துச் சுருட்டினால் அது இலைக்குள் களியாகும். கொத்துக்கறிப் பூரணத்திலோ அரிசி பச்சையாகவே சேர்கிறது. கறியின் சாறும் கொழுப்பும் அதை வேகவைக்கின்றன, வேகும் நேரமும் ஒரு மணியைத் தாண்டுகிறது.

அரிசியின் வகையும் பேச வேண்டியது. எகிப்தில் குட்டை மணி அரிசி, துருக்கியில் பருத்த மணியுள்ள பால்தோ. இவை வெந்ததும் ஒன்றையொன்று மெல்லப் பற்றிக்கொள்ளும். பாஸ்மதி உதிரியாக நின்று, வெட்டியதும் கொட்டும். புழுங்கல் அரிசியோ எண்ணெயையும் சாற்றையும் எளிதில் உறிஞ்சாமல் விறைப்பாக நிற்கும். என் கருத்தில் இரண்டும் இதற்குப் பொருந்தாது. நம் வீட்டில் இருப்பதிலிருந்து எடுப்பதானால் குட்டை மணிப் பச்சரிசியே ஏற்றது.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நேரம் குறையும் என்பது உண்மை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கடித்துப் பார்க்க முடியாத பாத்திரத்தில், இலையும் அரிசியும் வெவ்வேறு நேரத்தில் வேகும் ஓர் உணவை வைப்பது எனக்கு உவப்பானதன்று.

அடிபிடித்துவிட்டது

பானையின் அடியில் நேரடியாகச் சுருளை அடுக்காதீர்கள். கிழிந்த இலைகள், இலைக் காம்புகள், வெங்காய வட்டங்கள் எதையாவது விரியுங்கள். இராக்கில் ஆட்டு விலா எலும்புகளை அடியில் அடுக்குவார்கள். எலும்பு தணலின் கடுமையைத் தாங்கிக்கொள்வதோடு, அதன் கொழுப்பு மேலுள்ள வெங்காயத்திலும் இலையிலும் இறங்கும். கருகல் நாற்றம் வந்தால் கிளறக் கூடாது. அடுப்பை அணைத்து, மேல் வரிசைகளை மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடி வரிசையைக் கைவிடுங்கள்.

குடைந்த காய் சரிந்துவிட்டது, உள்ளே அரிசி வேகவில்லை

குடைமிளகாயில் இது அதிகம். துருக்கியில் டோல்மாவுக்கென்று விற்கும் மிளகாய் சிறியது, தோல் மெல்லியது. பெரிய தடித்த குடைமிளகாயை எடுத்தால், உட்பூரணம் சூடேறுவதற்குள் சுவர் தளர்ந்து சாய்ந்துவிடும். முஷ்டியைவிடச் சிறிய காய்களாகத் தேர்ந்தெடுத்து, முக்கால் அளவு மட்டும் நிரப்பி, வாயைத் தக்காளித் துண்டால் மூடி, ஒன்றையொன்று தாங்கும்படி நிமிர்த்தி நெருக்கி வையுங்கள். குடையும்போது அடியில் சிறு ஓட்டை விழுந்தாலும் சாறு வடிந்துவிடும். சுகினி என்னும் வெள்ளரி போன்ற நீளக் காயைக் குடையும்போது சுவரை அரை விரல் தடிமனுக்குக் குறையாமல் விடுங்கள். நுனியைக் கடந்து கருவி வெளியே வந்துவிட்டால், எடுத்த சதையின் ஒரு துண்டை அந்த ஓட்டையில் அடைத்துவிடலாம்.

அஸர்பைஜானில் கத்தரிக்காய், மிளகாய், தக்காளி மூன்றையும் ஒன்றாகச் சமைத்து 'மூன்று சகோதரிகள்' என்கிறார்கள். மூன்றும் வேகும் நேரம் மூன்று விதம். ஆட்டுக் கொத்துக்கறியை முன்கூட்டியே வதக்கிவிட்டு நிரப்புவதால் அங்கே அந்தச் சிக்கல் தீர்கிறது: காய் மென்மையானால் போதும், பூரணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பச்சைப் பூரணத்தோடு பல காய்களையும் இலைகளையும் ஒரே பானையில் வைப்பவர்கள் அடுக்கும் வரிசையைத்தான் நம்ப வேண்டும். வெங்காயமும் கேரட்டும் அடியில், அதற்குமேல் கத்தரியும் சுகினியும், பிறகு இலைச் சுருள், உச்சியில் தக்காளி. தக்காளி அடியில் போனால் அது நசுங்குவதோடு, அதன் புளிப்பு மற்றவற்றையும் வேகவிடாது.

வெங்காயத்தை இலையைப் போல உரிக்க முடியாமல் கிழிப்பவர்களுக்கு: ஒரு பக்கத்தில் மட்டும் நடு வரை நீளவாக்கில் கீறி, கொதிநீரில் 10 முதல் 15 நிமிடம் விட்டு எடுங்கள். ஒவ்வோர் அடுக்கும் தானாகக் கழன்று, பூரணம் வைத்ததும் பழைய வளைவுக்கே திரும்பி மூடிக்கொள்ளும். இராக்கிய டோல்மாவில் மாதுளைப் பாகை முழுமையாகக் குடிப்பது இந்த வெங்காயம்தான். பந்தியில் முதலில் தீர்வதும் இதுவாக இருந்தால் வியப்பில்லை.

உலர்ந்த கத்தரிக்காய் தோல் போல இருக்கிறது

துருக்கியின் காஸியான்டெப் பகுதியில் கோடையில் கத்தரிக்காயையும் மிளகாயையும் குடைந்து, நூலில் கோத்து, வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். அவற்றை வெறும் நீரில் ஊறவைத்தால் போதாது. கொதிநீரில் போட்டு, விரலால் அழுத்தினால் உள்ளே போகும்வரை வேகவைத்த பிறகே நிரப்ப வேண்டும். இங்கும் புளிப்பு கடைசியில்.

இறைச்சிப் பூரணம் குண்டு போல உருண்டு நிற்கிறது

கொழுப்பில்லாத கறியை எடுத்து, மாவு போலப் பிசைந்துவிட்டீர்கள். கொத்துக்கறியில் கொழுப்பு கலந்திருக்க வேண்டும். வெங்காயமும் கீரை வகைகளும் தாராளமாகச் சேர வேண்டும். எல்லாம் கலந்தால் போதும், கை நிறுத்தப்பட வேண்டும்.

நிறம் மங்கிப் பழுப்புப் பச்சையாகிவிட்டது

இது குறையன்று. பச்சையம் சூட்டிலும் புளிப்பிலும் தன் மக்னீசியத்தை இழப்பதால் இலை அந்த நிறத்துக்கு மாறுகிறது. பளிச்சென்ற பச்சையை நாடிச் சமையல் சோடாவைச் சேர்ப்பவர்களுக்கு நிறம் கிடைக்கும், இலை சளசளத்துப் போகும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததும் அரிசி கல்லாகிவிட்டது

இறைச்சியில்லாத எண்ணெய்ச் சுருள் ஆறிய பிறகே உண்ணப்படுவது. ஆனால் ஆறியது வேறு, பெட்டிக்குள் குளிர்ந்தது வேறு. வெந்த அரிசியின் மாவுப்பொருள் பெட்டிக் குளிரில் மீண்டும் இறுகிப் படிகமாகிறது. ஆலிவ் எண்ணெயும் உறைந்து வெண்மையாகிறது. குட்டை மணி அரிசியில் இந்த இறுக்கம் குறைவு, நீள மணியில் அதிகம். உண்பதற்கு அரை மணிக்கு முன் வெளியே எடுத்துவையுங்கள். மிகவும் இறுகியிருந்தால் இட்லிப் பாத்திரத்தின் ஆவியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிடுங்கள். அதற்காக இரவு முழுவதும் மேசையிலேயே விட்டுவிடக் கூடாது. வெந்த அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடியும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குப் போய்விட வேண்டும்.

தட்டில் கவிழ்த்ததும் சரிந்து குவியலாகிவிட்டது

அவசரம்தான் காரணம். அடுப்பை அணைத்த உடனே அரிசி இன்னும் நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மூடியைத் திறக்காமல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு உள்ளிருக்கும் தட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி பானையைச் சாய்த்து, மீதமுள்ள சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். கவிழ்க்கும்போது கையைச் சுடுவதும் கோபுரத்தைச் சரிப்பதும் இந்தச் சாறே. உட்தட்டை எடுத்துவிட்டு, பானையின் வாயைவிட அகலமான தாம்பாளத்தை மேலே வைத்து, இரண்டையும் துணியோடு சேர்த்துப் பிடித்து ஒரே வீச்சில் திருப்புங்கள். பானையை உடனே தூக்காதீர்கள். அதன் முதுகில் கரண்டியால் நான்கைந்து முறை தட்டி, இரண்டு நிமிடம் பொறுத்து, நேராக மேல்நோக்கி உயர்த்துங்கள். வடித்த சாற்றை அதன்மேல் ஊற்றிப் பரிமாறலாம்.